விறகடுப்பு வைக்கும் வீட்டுக்குக் காப்பீடு

அத்தியாயம் 7

கேஸ் இணைப்பு இருக்கும் வீட்டிலும் விறகு எரிவது ஓசூர் வட்டாரத்தில் சாதாரணம். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பகுதி இது. மார்கழி, தை மாத விடியற்காலைகளில் வெந்நீர் இல்லாமல் முடியாது. கொல்லையில் செம்பு பாய்லர் இருக்கும், பின்கட்டில் கொடியடுப்பு இருக்கும். தளி, தேன்கனிக்கோட்டைத் தோட்ட வீடுகளில் தைலமரச் சுள்ளி எரிகிறது. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் கவாத்து செய்த மாங்கிளை எரிகிறது. சிப்காட்டைச் சுற்றிய குடியிருப்புகளில் பேக்கிங் பெட்டி உடைத்த பலகைகூட விறகாகிறது. விறகு எதுவானாலும் வீட்டுக்காரரின் கேள்வி ஒன்றுதான்: இந்த அடுப்பிலிருந்து தீ பரவி வீடு எரிந்தால் காப்பீட்டு நிறுவனம் பணம் தருமா?

தரும். அதற்கு மூன்று காரியம் சரியாக இருக்க வேண்டும். பாலிசி எடுக்கும்போது வீட்டைப் பற்றிச் சொன்னது உண்மையாக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்த மாற்றத்தை நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும். எரிந்தது என்ன, அதன் மதிப்பு என்ன என்று காட்டச் சான்று வேண்டும். இந்த அத்தியாயம் இந்த மூன்றையும் வரிசையாக விளக்குகிறது.

எந்தப் பாலிசி?

வீடுகளுக்கான அடிப்படைத் தீக்காப்பீடாக 2021 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருப்பது ‘பாரத் கிருஹ ரக்ஷா’. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுப் பாலிசி இது. பொதுத்துறை நிறுவனத்தில் எடுத்தாலும் தனியாரிடம் எடுத்தாலும் அடிப்படை வாசகம் ஒன்றே. பிரீமியம் மட்டும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

தீ, வெடிப்பு, இடி, நிலநடுக்கம், புயல், வெள்ளம், நிலச்சரிவு, காட்டுத்தீ, கலவரம், தண்ணீர்த்தொட்டி உடைதல் ஆகியவற்றால் வரும் சேதம் இதில் அடங்கும். இவற்றில் ஏதாவது நடந்த பிறகு 7 நாட்களுக்குள் வீட்டில் திருட்டு நடந்தால் அதுவும் அடங்கும். விறகடுப்பு வைத்த வீட்டுக்குக் காப்பு இல்லை என்று இந்தப் பாலிசி எங்கும் சொல்லவில்லை.

தீ உங்கள் அடுப்பிலிருந்துதான் வர வேண்டும் என்பதில்லை. 2023 ஜூலை 29 அன்று கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் உயிரிழந்தார்கள். அக்கம்பக்கத்துக் கட்டடங்களும் இடிந்தன. பக்கத்து இடத்து வெடிப்பில் உங்கள் சுவர் விழுந்தாலும் அது உங்கள் வீட்டுப் பாலிசியில் வரும் இழப்புதான். தொழிற்சாலை, கிடங்கு, குடியிருப்பு எல்லாம் நெருங்கி நிற்கும் இந்த நெடுஞ்சாலை ஓரத்து ஊர்களில் வீட்டுக் காப்பீட்டை ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது.

பாலிசியில் வராதவற்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள்.

1. ரொக்கப் பணம், பத்திரங்கள், வாகனங்கள் இதில் இல்லை. லைன் வீட்டு நடையில் நிறுத்திய பைக் எரிந்தால் அதன் மோட்டார் பாலிசியைத்தான் நாட வேண்டும்; அதுவும் தீச்சேதம் அடங்கிய பாலிசியாக இருக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் பயனில்லை.

2. நகைகளுக்குத் தனியே விருப்பக் காப்பு எடுக்க வேண்டும்.

3. நாள்படப் படிந்த கரியும், வெப்பத்தில் மெல்ல மெல்ல விரிசல் விட்ட சுவரும் விபத்து ஆகா. அடுப்புக்குள் இருக்க வேண்டிய நெருப்பு இடம் தாண்டி, எரியக்கூடாததை எரித்தால்தான் அது காப்பீட்டுக் கணக்கில் தீ விபத்து.

4. உங்கள் அடுப்பிலிருந்து பரவிய தீ அண்டை வீட்டை எரித்தால், அவர்களுக்கு நீங்கள் தர வேண்டிய இழப்பீட்டை இந்த அடிப்படைப் பாலிசி ஏற்காது. பொதுச்சுவர் உள்ள லைன் வீட்டுக்காரர்கள், பொறுப்புக் காப்பு சேர்ந்த ‘ஹவுஸ்ஹோல்டர் பேக்கேஜ்’ கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள்.

எவ்வளவு தொகைக்கு எடுப்பது?

ஓசூரில் மனை விலை ஏறியதால் பலர் வீட்டின் விற்பனை விலையைக் காப்பீட்டுத் தொகை என்று நினைக்கிறார்கள். நிலம் எரிவதில்லை. இடிந்தால் திரும்பக் கட்ட ஆகும் செலவுதான் கணக்கு: வீட்டின் கார்ப்பெட் பரப்பைக் கட்டுமானச் செலவால் பெருக்க வேண்டும்.

உதாரணமாக, கார்ப்பெட் பரப்பு 600 சதுர அடி, சதுர அடிக்கு ரூ. 2,000 என்று வைத்துக்கொண்டால் கட்டடத்துக்கான தொகை ரூ. 12 லட்சம். உங்கள் ஊர் மேஸ்திரியிடமோ பொறியாளரிடமோ இன்றைய விலையைக் கேட்டு அதைப் போடுங்கள். கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் ரூ. 10 லட்சம் வரை, வீட்டுச் சாமான்களுக்குத் தானாகவே காப்பு உண்டு. மேற்படி உதாரணத்தில் அது ரூ. 2.40 லட்சம். பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கட்டில், பீரோ இதைவிட அதிக மதிப்புக்கு இருந்தால் பட்டியல் கொடுத்துத் தொகையை உயர்த்திக்கொள்ளலாம்.

பழைய தீக்காப்பீடுகளில் ஒரு கண்டம் இருந்தது. ரூ. 20 லட்சம் பெறும் வீட்டை ரூ. 10 லட்சத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், ரூ. 4 லட்சம் சேதத்துக்குப் பாதிதான் கிடைக்கும். பாரத் கிருஹ ரக்ஷாவில் இந்தக் குறைப்பு நீக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பரப்பளவைக் குறைத்துச் சொல்வது பொய்த்தகவல். அது கிளெய்மையே பாதிக்கும்.

வாடகைக்கு இருப்பவர் சாமான்களுக்கு மட்டும் பாலிசி எடுக்கலாம். கட்டடத்துக்கு எடுப்பது வீட்டுக்காரர் பொறுப்பு. வீட்டுக்கடன் இருந்தால் வங்கி எடுத்த பாலிசியின் நகலைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்: கட்டடம் மட்டுமா, சாமான்களும் உண்டா, இழப்பீடு முதலில் யாருக்குப் போகும் என்று பாருங்கள்.

அடுப்பு வந்ததும் என்ன மாறுகிறது?

அடுப்பை ஒட்டிச் செய்யும் மூன்று மாற்றங்கள்தான் கிளெய்ம் நேரத்தில் கேள்வியாக எழும்.

முதலாவது, கூரை. புகை வீட்டுக்குள் வராமலிருக்க, பின்பக்கம் ஓலையோ தார்ப்பாலினோ போட்டு ஒரு சாய்ப்பு இறக்கி அடுப்பை அங்கே மாற்றுவது வழக்கம். ஓலை, வைக்கோல், மூங்கில், மரப்பலகை, தார்ப்பாலின், பிளாஸ்டிக் துணி ஆகியவற்றால் ஆன சுவரோ கூரையோ காப்பீட்டு மொழியில் ‘கச்சா’ கட்டுமானம். கான்கிரீட் வீடு என்று எழுதிக்கொடுத்துவிட்டு அதோடு ஓலைச்சாய்ப்பை ஒட்டினால், பாலிசியில் உள்ள வீடும் நேரில் உள்ள வீடும் வேறு வேறாகிவிடும். புதிதாகக் கட்டுவதையும் நீட்டிப்பதையும் நிறுவனத்துக்குத் தெரிவிக்க வேண்டியது பாலிசிதாரரின் கடமை.

இரண்டாவது, வாடகை. தானிருந்த வீட்டையோ அதில் ஒரு பகுதியையோ தொழிலாளர்களுக்கு வாடகைக்கு விட்டால் தெரிவிக்க வேண்டும். அவர்கள் விறகு எரிக்கலாமா, எங்கே எரிக்கலாம், கேஸ் இணைப்பு யார் பெயரில் என்பதையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

மூன்றாவது, தொழில். இந்த வட்டாரத்தில் அதிகம் கவனிக்க வேண்டியது இதுதான். ஷிப்டு முடிந்து வரும் தொழிலாளர்களுக்கு வீட்டிலேயே மெஸ் நடத்தும் பெண்கள் ஏராளம். பெரிய அளவில் சமைக்கக் கேஸ் கட்டுப்படியாகாமல் விறகடுப்புக்குப் போகிறார்கள். குடும்பத்துக்குச் சமைக்கும் அடுப்பு வீட்டுப் பாலிசிக்குள் வரும். காசு வாங்கிப் பத்துப் பேருக்குச் சாப்பாடு போட ஆரம்பித்துவிட்டால் வீட்டின் பயன்பாடே மாறுகிறது. அந்தப் பகுதிக்கு ‘பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா’ என்ற சிறுதொழில் தீக்காப்பீடு பொருந்தும். ஓரிடத்தில் உள்ள சொத்தின் மதிப்பு ரூ. 5 கோடி வரை உள்ளவர்களுக்கு உரியது அது. பாத்திரம், கிரைண்டர், அரிசி மூட்டை எல்லாவற்றையும் அதில் சேர்க்கலாம். வீட்டின் எந்தப் பகுதியில் தொழில் நடக்கிறது என்பதை எழுத்தில் சொல்லி, இரண்டு பாலிசியும் தேவையா என்று நிறுவனத்திடமே பதில் வாங்குங்கள்.

முகவரியிலும் கவனம் வேண்டும். வேலை பெங்களூரில், ஆதார் முகவரி அத்திப்பள்ளியில், வீடு ஓசூரில் என்று இருப்பவர்கள் பலர். பாலிசியில் ‘காப்பீடு செய்யும் இடம்’ என்ற கட்டத்தில் எரியக்கூடிய வீட்டின் முகவரிதான் வர வேண்டும். கதவு எண் வராத புதிய லேஅவுட் என்றால் மனை எண், சர்வே எண், மின் இணைப்பு எண், சொத்துவரி ரசீது எண் நான்கையும் எழுதச் சொல்லுங்கள்.

வெளிநாட்டு நடைமுறை இதைவிடக் கண்டிப்பானது. கனடாவில் விறகடுப்பு உள்ள வீட்டுக்குக் காப்பீடு கேட்டால், ‘வெட்’ சான்று பெற்ற நிபுணரின் ஆய்வறிக்கையை நிறுவனங்கள் கேட்பது வழக்கம். பிரிட்டனில் ‘ஹெட்டாஸ்’ பதிவு பெற்றவர் அடுப்பை நிறுவிச் சான்று தருகிறார். நம்மூரில் அப்படிச் சான்று தரும் ஏற்பாடு இல்லை. ஆகவே நீங்கள் எழுதும் கடிதமும் எடுக்கும் புகைப்படமும்தான் உங்களுக்குச் சான்று.

மாதிரிக் கடிதம்

கிளை மேலாளருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, அதையே மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். முகவரிடம் வாயால் சொன்னது கணக்கில் வராது.

அனுப்புநர்: (பெயர், வீட்டு முகவரி, கைபேசி எண்)

பெறுநர்: கிளை மேலாளர், (நிறுவனம், கிளை)

பொருள்: வீட்டில் விறகடுப்பு அமைப்பது குறித்துத் தெரிவித்தல். பாலிசி எண்: (…)

ஐயா / அம்மா,

மேற்கண்ட பாலிசியில் உள்ள எனது வீட்டின் பின்பகுதியில் (நீளம் × அகலம்) அளவுள்ள சமையல் இடம் கட்டி, புகைபோக்கியுடன் விறகடுப்பு அமைக்கிறேன். சுவர் (செங்கல்), கூரை (கான்கிரீட் / சிமெண்ட் ஷீட் / ஓலை). அடுப்பு குடும்பப் பயன்பாட்டுக்கு மட்டும் / வீட்டில் மெஸ் நடத்துவதற்கும் பயன்படும். கேஸ் சிலிண்டர் தனி அறையில் உள்ளது. புகைப்படங்கள் இணைத்துள்ளேன். இந்த மாற்றத்துக்குப் பிறகும் பாலிசி முழுமையாகத் தொடர்கிறது என்பதை எழுத்தில் உறுதிப்படுத்தவும். கூடுதல் பிரீமியம் உண்டானால் தெரிவிக்கவும். செலுத்தி மேற்குறிப்பு பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு, (கையொப்பம், தேதி)

‘மேற்குறிப்பு’ என்பது பாலிசியோடு நிறுவனம் சேர்த்துத் தரும் திருத்தத் தாள். முகவர்கள் ‘எண்டார்ஸ்மெண்ட்’ என்பார்கள். அது கைக்கு வந்த பிறகு அடுப்பைப் பற்றவையுங்கள்.

அடுப்பை எப்படி அமைப்பது?

வீட்டை நியாயமான கவனத்தோடு பாதுகாப்பது பாலிசிதாரரின் பொறுப்பு. சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும்போது அந்தக் கவனம் அவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

1. அடுப்பைச் சுற்றி 3 அடிக்குள் எரியக்கூடிய எதுவும் வேண்டாம். விறகுக்கட்டு, தென்னைமட்டை, பன்னாடை, துணிக்கொடி, மரப்பரண் எல்லாம் இதில் சேரும். விறகு காயட்டும் என்று அடுப்புக்கு மேலேயே பரணில் அடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

2. புகைபோக்கி, கூரையைத் தாண்டும் இடத்திலிருந்து குறைந்தது 3 அடி உயர வேண்டும். 10 அடி தூரத்துக்குள் இருக்கும் எதையும்விட 2 அடி கூடுதலாகவும் இருக்க வேண்டும். இது அமெரிக்கத் தீப்பாதுகாப்பு விதி, நமக்கும் பொருந்தும். புகை திரும்பாது, பொறியும் பக்கத்துக் கூரையில் விழாது.

3. ஆஸ்பெஸ்டாஸ் சிமெண்ட் ஷீட் கடும் வெப்பத்தில் வெடித்துச் சிதறும். சூடான குழாயை ஷீட்டோடு ஒட்டாமல் இடைவெளி விட்டு, தகரக் காப்பு போட்டு ஏற்றுங்கள்.

4. புகைபோக்கிக்குள் படியும் கரியும் கீலும் சூட்டில் தீப்பிடிக்கும். ஆண்டுக்கு ஒருமுறையாவது, தினமும் எரித்தால் இன்னும் அடிக்கடி, குழாயைச் சுத்தம் செய்து தேதியிட்டுப் படமெடுத்து வையுங்கள்.

5. பேக்கிங் மரத்தில் உள்ள முத்திரையைப் பாருங்கள். ‘எச்.டி.’ என்றால் வெப்பத்தால் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ என்றால் மெத்தில் புரோமைடு நச்சுவாயுவால் பதப்படுத்தியது, அது அடுப்புக்கு ஆகாது. பிளைவுட், பெயிண்ட் பூசிய பலகை, ரசாயன டிரம் மூடிய கட்டைகளையும் எரிக்கக் கூடாது.

6. சாம்பலுக்குள் கங்கு பல மணி நேரம் உயிரோடு இருக்கும். மூடியுள்ள இரும்பு வாளியில் அள்ளி, தண்ணீர் தெளித்து, வெளியே வையுங்கள். குப்பைமேட்டிலோ பிளாஸ்டிக் கூடையிலோ கொட்டாதீர்கள்.

7. குளிருக்காகத் தணலை மூடிய அறைக்குள் வைத்துக்கொண்டு தூங்கவே கூடாது. நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும்.

நல்ல அடுப்புக்கு நாம் தூரம் போக வேண்டியதில்லை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய ‘ஆஸ்த்ரா’ மையம், புகைபோக்கியுள்ள மூன்று பாத்திர மண் அடுப்பை உருவாக்கியது. ‘ஆஸ்த்ரா ஒலெ’ என்ற பெயரில் கர்நாடகக் கிராமங்களுக்கு அது போய்ச் சேர்ந்தது. மூடிய தீயறை, சரியான புகைவழி, குறைந்த விறகு ஆகிய அதன் கொள்கைகளை உங்கள் கொத்தனாரிடம் சொல்லிக் கட்டச் சொல்லலாம்.

கேஸும் விறகும் ஒரே அறையில் வேண்டாம்

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவும். விறகடுப்பு இருப்பதும் தரையில்தான். ஆகவே கசிவு முதலில் போய்ச்சேரும் இடம் அந்த நெருப்பாகவே இருக்கும். இரண்டுக்கும் நடுவே சுவர் இருக்கட்டும். கசிவு தெரிந்தால் 1906 என்ற எண்ணை அழையுங்கள்.

சிலிண்டர் விபத்துக்கு எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்புக் காப்பீடு உண்டு. அதற்கு நீங்கள் தனியே பிரீமியம் கட்ட வேண்டியதில்லை. உயிரிழந்தால் நபருக்கு ரூ. 6 லட்சம் வரை, இணைப்பு பதிவான முகவரியில் சொத்துச் சேதத்துக்கு ரூ. 2 லட்சம் வரை தரப்படுகிறது. இணைப்பு சொந்த ஊரில், சிலிண்டர் ஓசூர் லைன் வீட்டில் என்று இருந்தால் இந்தச் சொத்துக்காப்பு கைக்கு வராது. இடம் மாறியதும் ஏஜென்சியில் முகவரியை மாற்றுங்கள். வீட்டு சிலிண்டரை மெஸ்ஸுக்குப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். கிளெய்மையும் அது பலவீனமாக்கும்.

உயிருக்கான காப்பைத் தனியே யோசியுங்கள். வீட்டுப் பாலிசியோடு பாலிசிதாரருக்கும் வாழ்க்கைத் துணைக்கும் தலா ரூ. 5 லட்சம் விபத்துக் காப்பை விருப்பமாகச் சேர்க்கலாம். வீட்டைச் சேதப்படுத்திய அதே விபத்தில் உயிர் போனால்தான் அது பொருந்தும். வங்கிக் கணக்கு உள்ள 18 முதல் 70 வயது வரையிலானவர்கள் ஆண்டுக்கு ரூ. 20 கட்டி ‘பிரதம மந்திரி சுரக்ஷா பீமா’வில் சேர்ந்தால் விபத்து மரணத்துக்கு ரூ. 2 லட்சம் உண்டு. வாடகை வீட்டுத் தொழிலாளிகூட இதைத் தவறவிடக் கூடாது.

தீ பிடித்துவிட்டால்

1. ஆட்களை வெளியே கொண்டுவாருங்கள். 101 அல்லது 112-ஐ அழையுங்கள். அண்டை வீட்டார் உதவியோடு தீ அணைந்துவிட்டாலும் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போகட்டும். அவர்கள் தரும் சான்றுதான் முதல் ஆவணம்.

2. அன்றே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் தெரிவித்து, கிளெய்ம் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

3. காவல் நிலையத்தில் மனு கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள். கிராமப் பகுதியானால் வி.ஏ.ஓ.விடமும் தகவல் பதிவாகட்டும்.

4. சர்வேயர் வரும்வரை எரிந்ததை அள்ளிக் கொட்டாதீர்கள். மழை நனைக்காமல் மூடுவது போன்ற அவசர வேலைகளைப் படமெடுத்துவிட்டுச் செய்யலாம்.

5. சேதப் பட்டியலை அறைவாரியாக எழுதுங்கள்: பொருள், வாங்கிய ஆண்டு, விலை. பில் இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு, இ.எம்.ஐ. தாள், பழைய குடும்பப் புகைப்படம்கூட உதவும்.

6. சிதைவை அகற்றவும் பொறியாளர் கட்டணத்துக்கும் பாலிசி தனியே ஒரு பங்கு தருகிறது. வீடு குடியிருக்க முடியாமல் போனால் மாற்று வீட்டு வாடகையும் உண்டு. இவற்றைக் கேட்காமல் விடாதீர்கள்.

நிறுவனம் மறுத்தால்

மறுப்பை எழுத்தில், எந்த விதியின்படி என்ற காரணத்தோடு கேளுங்கள். முதலில் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் ‘பீமா பரோசா’ தளத்திலும் 155255 என்ற எண்ணிலும் புகார் பதியலாம். ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டாலும் வந்த பதில் சரியில்லாவிட்டாலும் காப்பீட்டு ஓம்புட்ஸ்மன் அலுவலகத்துக்குப் போகலாம். ரூ. 50 லட்சம் வரையிலான இழப்பீட்டை அங்கே கோரலாம். கட்டணமும் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். ஓசூர், கிருஷ்ணகிரி வாசிகளுக்கு உரியது சென்னை அலுவலகம். பாலிசியை பெங்களூர் கிளையில் எடுத்திருந்தாலும் உங்கள் வீடு இருக்கும் இடத்தை வைத்துச் சென்னையில் புகார் கொடுக்க உரிமை உண்டு. அதிலும் தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது.

பாலிசித் தாள், மேற்குறிப்பு, கடித நகல், வீட்டின் ஒவ்வொரு அறையின் புகைப்படம் ஆகியவற்றைக் கைபேசியிலும், இன்னொரு வீட்டில் இருக்கும் உறவினரிடமும் வையுங்கள். எரியும் வீட்டுக்குள் இருக்கும் ஆவணத்தால் யாருக்கும் பயனில்லை.

விறகடுப்பு வைத்ததற்காக யாரும் வீட்டுக் காப்பீட்டை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. கூலி வேலை செய்து, சிட்டு கட்டி, கடன் வாங்கி எழுப்பிய வீடு அது. இந்த வாரமே உங்கள் பாலிசியை எடுத்து முகவரி, பரப்பளவு, கூரை, பயன்பாடு ஆகிய நான்கும் இன்றைய நிலையோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். பொருந்தாவிட்டால் அன்றே கடிதம் எழுதுங்கள்.